போர் என்னும் சொல்லும் காப்புறுதிப் பத்திரமும்

ஒருவனுக்கு நேரும் நட்டத்தைப் பலர் பகிர்ந்து சுமப்பதே காப்புறுதியின் உட்பொருள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரில் எட்வேர்ட் லொயிட் என்பாரின் கோப்பிக் கடையில் கூடிய வணிகர், கப்பலுக்கும் சரக்கிற்கும் இவ்வாறு பொறுப்பேற்றனர். பிற்காலத்தில் தீ, திருட்டு முதலியனவும் காப்புறுதிக்குள் அடங்கின. ஆயினும் போரினால் விளையும் அழிவு சொத்துக் காப்புறுதியில் பெரும்பாலும் விலக்கப்பட்டது. தீ ஒரு பண்டசாலையை எரிக்கும். போரோ ஒரே வேளையில் நாடு முழுவதையும் அழிக்கும். எல்லோரும் ஒருங்கே நட்டமடைந்தால் அதனைப் பகிர்ந்துகொள்ள எவர் எஞ்சுவர்?

இப்பழைய விலக்கு நம் காலத்தில் ஒரு பெரும் வழக்கிற்குக் காரணமாயிற்று. 2017 யூன் 27ஆம் நாள், உக்ரேன் நாட்டு வணிகர் கணக்கு வைப்பதற்குப் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் வழியாக, நொட்பெட்யா என்னும் நாசகார நிரல் பரவியது. பணம் பறிக்க வந்ததுபோல் அது தோற்றம் காட்டினும், பதிவுகளை அழிப்பதே அதன் தொழிலாயிருந்தது. மேர்க் என்னும் அமெரிக்க மருந்துக் கம்பனியின் வலையமைப்பில் 90 விநாடிகளுள் ஏறத்தாழ 10,000 கணினிகளை அது பற்றியது. முடிவில் அத்தொகை 40,000ஐத் தாண்டியது. மருந்து உற்பத்தியும் தடைப்பட்டது. கம்பனி கணக்கிட்ட நட்டம் ஏறத்தாழ 140 கோடி டொலர்.

மேர்க் வைத்திருந்தது, எல்லா இடர்களையும் ஏற்கும் சொத்துக் காப்புறுதி. ஆயினும் காப்புறுதியாளர் நட்டஈடு தர மறுத்தனர். இத்தாக்குதல் ருஷ்ய அரசின் செயல். ஆகவே போருக்கான விலக்கினுள் அடங்கும் என்பது அவர்தம் வாதம். அமெரிக்க, பிரித்தானிய அரசுகளும் 2018 பெப்ரவரியில் ருஷ்ய இராணுவத்தையே குற்றஞ்சாட்டியிருந்தன.

நியூ ஜேர்சி நீதிமன்றமோ 2021 டிசெம்பரில் மேர்க்கின் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்விலக்கு படைபலம் கொண்டு நடத்தும் போரையே கருதியது. கணினித் தாக்குதல் பெருகிவருவதை அறிந்திருந்தும் காப்புறுதியாளர் பத்திரத்தின் சொற்களை மாற்றவில்லை என்று அது எடுத்துக்காட்டியது. 2023 மே மாதத்தில் மேன்முறையீட்டு மன்றமும் அதனை உறுதிசெய்தது. 2024 ஜனவரியில், மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் விசாரிக்குமுன், இரு தரப்பினரும் இணக்கத்திற்கு வந்தனர். நட்டம் நேர்ந்து ஆறரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

இத்தீர்ப்பைக் கண்டு ஏனைய வணிகர் ஆறுதல் கொள்வதற்கில்லை. பழைய சொற்களின் தெளிவின்மையே மேர்க்கிற்குத் துணைநின்றது. அச்சொற்கள் இப்போது மாறிவருகின்றன. கணினித் தாக்குதலுக்கென எழுதப்படும் தனிப் பத்திரங்களில், அரசுகளின் ஆதரவுடன் நடைபெறும் தாக்குதல்களுக்குத் தெளிவான விலக்கு இருத்தல் வேண்டும் என லொயிட்ஸ் நிறுவனம் 2022 ஓகஸ்டில் பணித்தது. 2023 மார்ச் 31 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, தனிப் பத்திரம் வாங்கும் சிறு வணிகனும் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். அழிந்த பதிவுகளை மீட்கும் செலவு கிடைக்குமா? தொழில் நின்ற நாட்களின் வருவாய் இழப்புக் கிடைக்குமா? அவ்விழப்பு எத்தனை மணி நேரம் கழிந்தபின் கணக்கிடப்படும்? வாடிக்கையாளரின் அந்தரங்க விபரம் களவுபோய் அவர்கள் வழக்கிட்டால் அப்பொறுப்பை ஏற்பவர் யார்? விண்ணப்பத்தில், இல்லாத பாதுகாப்பை உண்டென்று எழுதினால் பத்திரமே செல்லாது போகவும் கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, போர் என்ற சொல்லுக்கு அப்பத்திரம் கூறும் பொருள் யாது, தாக்கியவர் எவர் என்பதை மெய்ப்பிக்கும் கடமை யாருடையது என்பவற்றைக் கையொப்பமிடுமுன் கேட்டல் வேண்டும். கணினிகள் செயலிழந்த பின்னர் அக்கேள்விகளுக்கு விடை காணவேண்டிய இடம் நீதிமன்றமே. அங்கே ஆறரை ஆண்டுகள் காத்திருக்கும் வலிமை பெரிய கம்பனிக்கு உண்டு; சிறு கடைக்காரனுக்கு இல்லை.