கரியின் மேல் தங்கம்: படத்தை நம்பலாமா?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒருவர் வந்து, நம் பொதுத் தொட்டிக்கு 'நானோ தங்க' வடிகட்டி போடலாம் என்று கணினிப் படம் காட்டினார். கரியின் மேல் தங்கத் துகள்கள் உட்கார்ந்து அழுக்கைப் பிடிப்பது போல அழகான படம். "நம்பிப் பணம் கட்டலாமா சார்?" என்று பலர் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பத்து நிமிடம்.

நான் ஓசூர் சிப்காட்டில் முப்பது வருடம் டை டிசைன் செய்தவன். உருக்கிய அலுமினியம் அச்சுக்குள் எப்படிப் பாயும் என்று முதலில் கணினியில் ஓட்டிப் பார்ப்போம். ஆனால் அதை மட்டும் நம்பி லாரி ஏற்ற மாட்டோம். ட்ரையல் வார்த்து, அறுத்து, உள்ளே காற்றுத் துளை இல்லை என்று பார்த்த பிறகுதான் உற்பத்தி.

அணுக்களுக்கும் இதே முறைதான். ஓர் அணு பக்கத்து அணுவை எவ்வளவு இழுக்கிறது, தள்ளுகிறது என்று கணக்குப் போட்டு, நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்து, படிப்படியாக நகர்த்துவார்கள். 1964-இல் 864 ஆர்கான் அணுக்களை வைத்து ஒரு திரவத்தின் அசைவை இப்படிக் கணித்தவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். அவரும் தன் கணக்கை ஆய்வகத்தில் அளந்த எண்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

இப்போது தங்கத்துக்கு வருவோம். 1990-களில் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள், கிராஃபைட் மேல் போட்ட தங்கத் துகள்கள் எதிர்பாராத வேகத்தில் நகர்வதைக் கண்டார்கள். 1999-இல் அமெரிக்காவில் லூட்கே, லேண்ட்மன் இருவரும் 140 தங்க அணுக்கள் கொண்ட துகளைக் கணினியில் ஓட்டினார்கள். துகள் கொஞ்ச நேரம் ஓரிடத்திலேயே தடுமாறுகிறது; திடீரென்று முழுசாக வழுக்கிக்கொண்டு தூரம் போகிறது. காரணம் எளிது. தங்க அணுக்களின் இடைவெளியும் கரி அணுக்களின் இடைவெளியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பல் பொருந்தாத இரண்டு கியர் போல, பிடிப்பு இல்லை.

வழுக்கும் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். பெரிதானால் வேலை செய்யும் மேற்பரப்பு குறையும். பிடிப்பு போதவில்லை என்றால் தண்ணீரோடு வெளியேயும் வரலாம். அதனால்தான் துகளை எதன் மேல், எப்படி நிறுத்துகிறோம் என்பது முக்கியம்.

இந்தத் துறையே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர், தங்க, வெள்ளி நுண்துகள்கள் தண்ணீரில் உள்ள பூச்சிக்கொல்லியை நீக்கும் என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். அதிலிருந்து வந்த வடிகட்டி 2007-இல் விற்பனைக்கும் வந்தது. படம் காட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை, தண்ணீரைச் சோதித்தார்கள்.

நான் சொன்ன 1999 கணக்கில் தண்ணீரே கிடையாது. வெறும் வெற்றிடம், வழவழப்பான கிராஃபைட். வடிகட்டியில் இருக்கும் கரியோ துளையும் மேடுபள்ளமுமானது. நம் மாவட்டத் தண்ணீரின் கதையும் வேறு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைக்க வந்தது. சாதாரணக் கரி வாடையையும் குளோரினையும் எடுக்கும். ஃப்ளூரைடை அவ்வளவாக எடுக்காது. கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே, பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்போம்.

ஒன்று, நம் போர்வெல் தண்ணீரையே வடிகட்டி, முன்னும் பின்னும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை எங்கே? ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் வருகிறதா?

இரண்டு, ஆறு மாதம் ஓடிய வடிகட்டியின் அறிக்கை எங்கே?

மூன்று, வெளியே வரும் தண்ணீரில் அந்த உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்த்தார்களா?

மூன்றுக்கும் தாளில் பதில் வந்தால், கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான். வராவிட்டால், அந்தப் பணம் சங்கக் கணக்கிலேயே இருக்கட்டும்.