அடங்கிய நோயும் அடங்காத கவனமும்
(நலவாழ்வுக் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சபையில் பேசக் கூச்சப்படும் ஒரு நோயைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். மலத்தில் இரத்தம் போனால் நம்மவர்கள் 'உடம்புச் சூடு' என்பார்கள், 'மூலம்' என்பார்கள். வெந்தயமும் மோரும் குடித்து மாதக்கணக்கில் காலம் கடத்துவார்கள். சிலருக்கு அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் இரத்தத்தோடு சளியும் கலந்து, நாளைக்குப் பல முறை, நள்ளிரவிலும் எழுந்து ஓட வேண்டிய நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அது பெருங்குடல் புண் நோயாக இருக்கலாம். இதனை 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்' என்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த ஆய்வுகளில், மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டுள்ளது. ஆகவே இது நம் வீட்டுக் கவலை.

இது தொற்று நோய் அன்று. காரம் தின்றதால் வந்ததும் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறிப் பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. இந்நோய் சில காலம் சீறும். சில காலம் அடங்கியிருக்கும். அடங்கியிருக்கும் காலத்தில்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

என்னிடம் வந்த இளைஞர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் நலமாக இருந்தார். தைப்பூசத்திற்கு விரதம் எடுத்தவர், "உடம்புதான் நன்றாக இருக்கிறதே, விரத நாளில் மருந்து எதற்கு?" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். காவடி எடுக்க வேண்டிய நாளில் இரத்தப்போக்கோடு மருத்துவமனையில் படுத்திருந்தார். அவருடைய தாயார் என்னிடம், "சாமி குத்தமா, டாக்டர்?" என்று கேட்டார். "இல்லையம்மா, மருந்தை நிறுத்தியதுதான் காரணம்" என்றேன். அடுத்த ஆண்டு அந்தத் தம்பி மாத்திரையை விடாமல் உண்டு, பால்குடம் எடுத்தார்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிதமான நோய்க்கு மெசாலசீன் முதல் மருந்து. மாத்திரையாக மட்டுமன்றி, ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தாகவும் வருகிறது. வெட்கப்பட்டு அதை ஒதுக்காதீர்கள். மலக்குடல் புண்ணுக்கு அதுவே சிறந்தது. ஸ்டீராய்டு சீற்றத்தை அடக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உண்ணத் தக்கதன்று. எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு அசாதயோப்ரின் மாத்திரையும், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகளும் உள்ளன. இன்ஃப்ளிக்சிமாப் தொடங்குமுன் காசநோயும் மஞ்சள் காமாலைக் கிருமியும் உண்டா எனச் சோதிப்பது அவசியம். எதற்கும் அடங்காதவர்களுக்குப் பெருங்குடலை அகற்றும் அறுவைச் சிகிச்சை உண்டு. அதன் பிறகும் நல்வாழ்வு உண்டு.

இன்னொன்று. பெருங்குடலின் பெரும்பகுதியில் பல ஆண்டுகள் நீடித்த அழற்சி, புற்றுநோய்க்கு வழி வகுக்கலாம். அதனால் நோய் தொடங்கி 8 ஆண்டுகள் ஆனதும், நலமாக இருந்தாலும், குழாய் விட்டுப் பார்க்கும் 'கொலொனோஸ்கோப்பி' பரிசோதனை செய்ய வேண்டும். அதன் பின் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதை மருத்துவர் சொல்வார்.

உணவில் எல்லோருக்கும் பொதுவான பத்தியம் இல்லை. நோய் சீறும்போது குழைந்த சோறும் எளிய உணவும் போதும். அடங்கியபின் சத்தான உணவைக் குறைக்காதீர்கள். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகள் நோயைக் கிளறிவிடும்; கேட்டுவிட்டு வாங்குங்கள். நாட்டு மருந்து உண்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கருவுற விரும்பும் பெண்கள், நோய் அடங்கிய காலத்தில், மருத்துவரைக் கலந்துகொண்டு முடிவெடுப்பது நலம்.

அன்பர்களே, கோயில் விளக்குக்குத் தினமும் எண்ணெய் விடுகிறோம். நேற்று நன்றாக எரிந்ததே என்று இன்று விடாமல் இருப்பதில்லை. மருந்தும் அப்படித்தான். விரதம் எடுக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விரத நாளிலும் மருந்தை விடாதீர்கள். உடம்பைக் காப்பதும் வழிபாடே.