மனநோய் கண்டவரும் தொழில் நடத்தலாம்

(ஊராட்சி அன்பர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



விதை, உரம், கிணறு, சாலை ஆகியவற்றைப் பற்றியே பேசிப் பழகிய இம்மேடையில், இன்று மனநோயைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற முற்படுகிறேன். இது வைத்தியர்கள் பேச வேண்டிய விஷயமல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். நோய்க்கு மருந்து கொடுப்பது வைத்தியரின் வேலைதான். ஆனால் நோய் கண்டவர் ஒரு கடையோ பட்டறையோ வைத்திருந்தால், அது நிலைக்குமா, மூடப்படுமா என்பதை முடிவு செய்கிறவர்கள் வைத்தியர்கள் அல்லர். கடன் கொடுத்தவரும், சரக்குப் போடுபவரும், அண்டை அயலாரும், ஊர்ப் பெரியவர்களுமே அதை முடிவு செய்கிறார்கள். அதாவது, நாம்தான்.

இந்நோய் எங்கோ சிலருக்கு மட்டும் வருவதன்று. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் கணக்கெடுத்தது. வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை அப்போது இருந்ததாகவும், அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லையென்றும் அதில் தெரிய வந்தது. கடுமையான நோய் கண்டவர் இவர்களில் ஒரு சிறு பகுதியினரே. எனினும், அத்தகைய குடும்பம் ஒன்றேனும் இல்லாத ஊர் அரிது.

நம் கிராமங்களிலிருந்து பலர் பிழைப்புக்குச் செல்லும் வடசென்னையை எடுத்துக்கொள்வோம். மீஞ்சூர்ப் பக்கத்தில் மின்சார ரயில் ஏறி எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இறங்குவோர் அநேகர். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பெரிய தொழிற்சாலைகளின் நிழலில் லேத்துப் பட்டறைகளும், டீக்கடைகளும், மீன் வியாபாரமும், வலை பின்னும் தொழிலும் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. இவை யாவும் ஒருவர் கையை நம்பி நிற்கும் தொழில்கள். அந்த ஒருவர் படுத்துக்கொண்டால் தொழிலும் படுத்துக்கொள்கிறது.

உதாரணமாக, திருவொற்றியூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு இருதுருவ மனநோய் என்று வைத்துக்கொள்வோம. எழுச்சி மிகும் காலத்தில் அவர் உறங்கமாட்டார். ஒரு மாத வேலையைப் பத்தே நாளில் முடித்துத் தருவதாக வாக்களிப்பார். கடன் வாங்கி இரண்டாவது லேத்தும் போடுவார். சோர்வுக் காலத்திலோ பட்டறைக் கதவு திறக்காது. வேலை கொடுத்தவர் கூப்பிட்டாலும் பதில் வராது. இவ்விரண்டுக்கும் இடையே பல மாதங்கள், சில சமயம் பல ஆண்டுகள், அவர் கைத்திறனில் யாருக்கும் குறையாத தொழிலாளி. ஊரார் நினைவில் நிற்பதோ முந்திய இரண்டு காலங்கள் மட்டுமே. இதுதான் அவருக்கு நேரும் பெரிய நஷ்டம்.

சட்டம் இவ்விஷயத்தில் ஊராரைக் காட்டிலும் நிதானமாக இருந்து வந்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 12ஆம் பிரிவில், பெரும்பாலும் சித்தம் தெளியாதிருந்து இடையிடையே தெளிவு பெறும் ஒருவர், தெளிவாக இருக்கும் காலத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று கூறுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் அமலில் உள்ளது. ஒருவருக்கு மனநோய் உண்டு என்று கண்டறியப்பட்டதனால் மட்டுமே அவர் சித்த சுவாதீனம் இழந்தவர் ஆகிவிடமாட்டார்; அதைத் தகுதியுள்ள நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. ஆகவே, “அவன் பைத்தியம், அவன் கையெழுத்து செல்லாது” என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நம்மில் எவருக்கும் அதிகாரம் கிடையாது. அச்சொல்லைக் காட்டிப் பங்காளிகள் நிலத்தையோ கடையையோ எடுத்துக்கொள்ள இடம் தருவது பெரும் அநீதியாகும்.

அப்படியானால் தொழிலை எவ்வாறு காப்பது? நோய் வரும் நாட்களையும் கணக்கில் சேர்த்தே தொழிலை அமைக்க வேண்டும். மழை பொய்க்கும் என்று அறிந்தே விவசாயி விதைநெல்லை எடுத்து வைக்கிறார் அல்லவா? அதே முறைதான்.

முதலாவதாக, தெளிவான காலத்திலேயே நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அமர்த்திக்கொள்ள வேண்டும். மனைவியோ, தம்பியோ, பழைய கூட்டாளியோ, யாராயினும் தொழில் நடத்துபவரே அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்தும் தேவை என்று ஏற்பாடு செய்துகொண்டால், எழுச்சிக் காலத்தில் சேமிப்பு கரைந்து போகாது. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கடனை இரண்டு நாள் பொறுத்தே வாங்குவது என்று விதி வைத்துக்கொள்வதும் நன்று.

இரண்டாவதாக, வேலைகளையெல்லாம் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். யாருக்கு என்ன தர வேண்டும், எந்தத் தேதியில், எவ்வளவு முன்பணம் வந்தது என்பது எழுத்தில் இருந்தால், அவர் பத்து நாள் படுத்திருந்தாலும் துணைவர் தொடர்ந்து நடத்தலாம்.

மூன்றாவதாக, உறக்கத்தைக் காக்க வேண்டும். உறக்கம் கெடுவது எழுச்சி நோய்க்கு முன்னறிகுறி. அதுவே காரணமாகவும் அமைவதுண்டு. காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. இந்நோய் உள்ளவர் ஏலத்தைத் துணைவரிடம் விட்டுவிட்டு, பகலில் விற்பனையைத் தாம் பார்த்துக்கொள்வது மேல்.

நான்காவதாக, மருந்தும் வேலையும் ஒத்துப்போக வேண்டும. சில மருந்துகள் தொடக்கத்தில் மயக்கம் தரும். உடல் பழகும் வரை சுழலும் யந்திரத்தின் அருகே நிற்கலாகாது. லித்தியம் உட்கொள்வோர், வெயிலிலும் உலைச் சூட்டிலும் மிகுதியாக வியர்த்து உடலின் நீர் வற்றினால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறக்கூடும். உடல் வலிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளாலும் அவ்வாறே நேரும். போதிய தண்ணீர் குடிப்பதும், காலந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், வைத்தியரைக் கேளாமல் மருந்தைக் கூட்டாமலும் நிறுத்தாமலும் இருப்பதும் இன்றியமையாதவை.

தொழில் செய்யும் ஆற்றல் இவர்களுக்கு உண்டா என்று ஐயுறுவோர் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வரலாற்றைக் காணலாம். 1794ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய மனநோயாளர் விடுதியின் வழிவந்த இந்நிலையத்தின் கண்காணிப்பாளராக, 1961ஆம் ஆண்டில் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் பொறுப்பேற்றார். அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவர். அவருடைய முயற்சியால் அங்கே தொழில்வழிச் சிகிச்சை வேரூன்றியது. ரொட்டி சுடுவது போன்ற தொழில்களில் நோயாளர்கள் பயிற்சி பெற்றனர். ஓய்வு பெற்ற பின்னரும் அவ்வம்மையார் ஓயவில்லை. 1984ஆம் ஆண்டில் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கென ‘ஸ்கார்ப்’ நிறுவனத்தைத் தொடங்கி, நோயாளர்களைத் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் திருப்பி அனுப்பும் பணியை வளர்த்தார். வேலை மருந்துக்கு மாற்றன்று. ஆனால் வேலையோடு சேர்ந்த மருந்துக்குப் பலன் அதிகம்.

இதற்கு மாறான வழி எங்கே கொண்டு விடும் என்பதையும் நாம் அறிவோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளர்கள் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். அவர்களும் ஒரு காலத்தில் ஏதேனும் ஒரு வேலை அறிந்திருந்தவர்களே. இன்று எவ்வகையிலும் மனநோயாளரைச் சங்கிலியிடுவது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

பஞ்சாயத்தாகிய நாம் செய்யக் கூடியவை சில உண்டு. நோய் கண்டவரின் கடை இடத்தையோ சந்தை இடத்தையோ அவர் படுத்திருக்கும் நாட்களில் பிறருக்கு விட்டுவிடலாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ளோருக்கு வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. தகுதியுள்ளோருக்குச் சான்றிதழ் கிடைக்க உதவலாம். வெள்ளமோ புயலோ வந்தால் படகு, வலை, பயிர் ஆகியவற்றோடு மருந்தையும் கணக்கெடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை அடுத்து எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர் தொழில் முடங்கியது. அத்தகைய நாட்களில் வருமானமும் உறக்கமும் மாத்திரையும் ஒருங்கே தவறினால், அடங்கியிருந்த நோய் மீண்டும் தலையெடுக்கும்.

வடசென்னையில் இருப்போருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், யாவருக்கும் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையும், மாவட்ட மனநலத் திட்டமும் உள்ளன. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசி ஆலோசனை பெறலாம். இவ்வெண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்க ஒரு ரூபாய்ச் சுண்ணாம்பும் தேவைப்படாது.

நன்பர்களே! மாடு நொண்டினால் வைத்தியம் பார்க்கிறோம். ஏரைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. நோயுற்றவருக்கு வைத்தியமும், அவர் தொழிலுக்குக் காவலும் நம் ஊரில் கிடைக்குமாறு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.