வெளியேறும் வழி எங்கே?

இன்று பட்டம் பெறும் செல்வங்களே,

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஒரு பூட்டைப் பற்றி.

தொண்ணூறுகளில் அச்சகங்களுக்குத் தமிழ் மென்பொருள் அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரிந்த பதிப்பாளர் ஒருவரின் கணினிக்குப் பின்னால், பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ‘லாக்’ என்பார்கள். அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். ஒருநாள் அது பழுதானது. விற்ற நிறுவனமோ அதற்குள் கடையைக் கட்டியிருந்தது. கோப்புகள் பத்திரமாக இருந்தன, படிக்கத்தான் வழியில்லை. ஏனென்றால் அன்று ஆளுக்கொரு குறியீடு. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவர் வாங்கிய மென்பொருளில் வேறு குறியீடு. கடைசியில் அச்சான புத்தகங்களைப் பக்கத்தில் வைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி அடித்தார்கள். தன் புத்தகத்துக்கே இரண்டாம் முறை தட்டச்சுக் கூலி கொடுத்தார் மனிதர்.

எல்லாருக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது. யூனிகோடை அரசுத் தரமாக ஏற்றது 2010-இல். இத்தனை காலம் இழுத்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல. வாங்கியவர் வெளியே போக முடியாதிருப்பதில் விற்றவருக்கு லாபம் இருந்தது.

இன்றும் அதே கதைதான். ஒரே நிறுவனத்தின் போன், கடிகாரம், கிளவுட் எல்லாம் கைகோத்து வேலை செய்வது வசதிதான், மறுக்கவில்லை. வேறு போனுக்கு மாற நினைக்கும் அன்றுதான் பூட்டு தெரியும். அதைத் திறக்கப் பல நேரம் சட்டம் வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பொது சார்ஜர் சட்டம் போட்ட பிறகே, தனி வயர் வைத்திருந்த ஐபோன் 2023-இல் யூஎஸ்பி-சிக்கு வந்தது. நம் நாடு முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமல் செல்போன் நிறுவனத்தை மாற்றலாம். அதற்கு முன், எண் போய்விடுமே என்றே எத்தனை பேர் சகித்துக்கொண்டிருந்தார்கள்!

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பது நாங்கள் படித்தபோது கற்ற பாடம். எங்கள் பேராசிரியர் எந்தக் கருவி விற்க யார் வந்தாலும் முதலில் கேட்பது: “நாளைக்கு நீங்க கடையை மூடிட்டா, உதிரிபாகத்துக்கு நான் எங்கய்யா போவேன்?” விலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

நீங்களும் அலுவலகத்துக்கு மென்பொருள் வாங்கும்போது கேளுங்கள்: எங்கள் தரவை எந்த வடிவில், எவ்வளவு செலவில் வெளியே எடுக்கலாம்? பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

உங்களில் பலர் மென்பொருள் எழுதப் போகிறீர்கள். வாடிக்கையாளர் தன் தரவை எடுத்துக்கொண்டு போகும் வசதியை முதல் பதிப்பிலேயே வையுங்கள். “அப்புறம் போய்விடுவார்களே” என்று மேலாளர் முகம் சுளித்தால், போக மனம் வராத அளவுக்குப் பொருளை நன்றாகச் செய்வோம் என்று சொல்லுங்கள். அதற்குத்தானே இத்தனை வருடம் படித்தீர்கள்?