சொல்ல முடியாததைத் துணியில் தைத்தவர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பயிற்சிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று கேட்டுக் களைத்துப் போயிருப்பீர்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் எங்களைப் பேசச் சொல்லிவிட்டார்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். நாங்கள் பேச வந்தது மனதில் கிடக்கும் பாரத்தைக் கையால் இறக்கி வைப்பது பற்றி. படம் வரைவது, துணி தைப்பது, மண் பிசைவது போன்ற வேலைகள் மூலமாக மனதைத் தேற்றுவதைக் கலைவழிச் சிகிச்சை, ஆர்ட் தெரபி என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம்மைப் போன்ற பெண்கள் இதைச் செய்து பார்த்த கதை ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. உலகப் படத்தில் பார்த்தால் காய்ந்த மிளகாய் மாதிரி நீளமாகத் தொங்கும். ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை, மறுபக்கம் பசிபிக் கடல். 1973 செப்டம்பர் 11 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெனரல் பினோசே தலைமையில் 1990 வரை அந்த ஆட்சி நடந்தது. அந்த வருடங்களில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், அல்லது பிடித்துக்கொண்டு போன பிறகு என்ன ஆனார்கள் என்றே தெரியாமல் போனார்கள்.

இறந்து போனால் அழுது முடிக்கலாம். காணாமல் போனவருக்குக் கருமாதியும் செய்ய முடியாது, காத்திருக்காமலும் இருக்க முடியாது. அந்தப் பெண்கள் போலீஸ் ஸ்டேஷன், சிறைச்சாலை, ஆஸ்பத்திரி, பிணவறை என்று அலைந்தார்கள். எங்கே கேட்டாலும் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்றே பதில். அந்த வரிசைகளில் நின்றுதான் ஒருவரை ஒருவர் பழகிக்கொண்டார்கள். சம்பாதித்த ஆள் போய்விட்டதால் வீட்டில் அடுப்பும் எரியவில்லை.

தலைநகர் சாந்தியாகோவில் தேவாலயங்கள் சேர்ந்து அமைத்த ஒரு உதவிக் குழு இவர்களைக் கூட்டித் தையல் வேலை கொடுத்தது. அது 1974 வாக்கில் தொடங்கியது. ராணுவ அரசின் நெருக்கடியால் அந்தக் குழுவைக் கலைக்க வேண்டியதாயிற்று. 1976-இல் கத்தோலிக்கத் திருச்சபை 'விக்காரியா' என்ற அமைப்பைத் தொடங்கி அந்த வேலையைத் தொடர்ந்தது. சாக்குத் துணியை அடியில் விரித்து, அதன் மேல் பழைய துணித் துண்டுகளை வைத்துத் தைத்துப் படமாக்குவார்கள். ஸ்பானிய மொழியில் சாக்குத் துணிக்கு அர்ப்பியேரா என்று பெயர். இந்தத் துணிப் படங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளைகள் வரைந்த படம் மாதிரி அழகாக இருக்கும். மேலே மலை, ஒரு பக்கம் சூரியன், சின்னச் சின்ன வீடுகள், துணியால் செய்த குட்டி மனுஷிகள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும், அந்த மனுஷிகள் கையில் பிடித்திருப்பது 'எங்கே அவர்கள்?' என்று எழுதிய அட்டை. ஒரு வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நிற்கும். இன்னொன்றில் தெருவே சேர்ந்து ஒரே பானையில் கஞ்சி காய்ச்சும். காணாமல் போன கணவன் சட்டையையோ மகன் சட்டையையோ வெட்டி அந்தத் துண்டையே வைத்துத் தைத்தவர்களும் உண்டு. அந்தச் சட்டையில் கத்தரியை வைக்க அவர்களுக்கு எப்படிக் கை வந்திருக்கும் என்று நாங்கள் பலமுறை எங்களுக்குள் பேசியிருக்கிறோம்.

உள்ளூரில் இதைப் பகிரங்கமாக விற்க முடியாது. நாட்டுக்கு விரோதமான வேலை என்று அரசாங்கம் தூற்றியது. விக்காரியா அமைப்பு வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அங்கே விற்ற பணத்தில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதோடு, பத்திரிகைகள் எழுதத் தயங்கிய செய்தி கைவினைப் பொருளாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. துணிப் பொம்மையைத் தைத்த பெண்ணைப் பார்த்து ஒரு ராணுவம் பயந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் அவர்கள் துக்கம் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். 50 வருடம் கழித்து, 2023-இல்தான் காணாமல் போனவர்களைத் தேடுவதற்கு அரசே ஒரு தேசியத் திட்டம் அறிவித்தது. 1,000-க்கும் மேற்பட்டவர்களின் கதி அப்போதும் தெரியாமலே இருந்தது. தையல் அவர்களுக்குக் கொடுத்தது வேறு. தனியாக வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாய் வராத நேரத்தில் கை பேசியது. கை பேசப் பேச, கொஞ்ச நாளில் வாயும் வந்தது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு வழி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எழவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவருக்காக மட்டுமா அழுவார்கள்? பிறந்த வீட்டுக் குறை, மாமியார் பேசின பேச்சு, வளர்த்த ஆடு களவு போனது எல்லாம் அதில் வரும். அது ஒரு கலை, அழுகையும்கூட. இப்போது பல ஊர்களில் மைக் செட் வைத்துக் காசு கொடுத்துப் பாட வைத்துவிடுகிறோம். வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

'ஆர்ட் தெரபி' என்ற பெயர் 1942-இல் வந்தது. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோய்க்காகச் சானடோரியத்தில் படுத்திருந்தபோது படம் வரைந்து மனதைத் தேற்றிக்கொண்டார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார், அவர் வைத்த பெயர்தான் இது. அமெரிக்காவில் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஒரு ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் படம் வரையவும் களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் எச்சிலைச் சோதித்தார்கள். மன அழுத்தத்தில் ஏறும் கார்டிசால் என்ற சுரப்பு முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் "எனக்கு ஒரு கோடுகூட நேரா போட வராதும்மா" என்று சொல்கிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நம் கடற்கரையில் நடந்ததும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புதுச்சேரி அருகே ஆரோவில்லில் உள்ள 'உபாசனா' என்ற துணி வடிவமைப்பு நிறுவனம் 2005-இல் அக்கம்பக்கத்து மீனவக் கிராமப் பெண்களுக்கு, வெட்டி மிஞ்சிய துணியில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தது. பொம்மைக்குச் 'சுனாமிகா' என்று பெயர். அதை விலை போட்டு விற்கவில்லை, அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். விரும்பியவர்கள் கொடுத்த நன்கொடையில் செய்த பெண்களுக்குக் கூலி போனது. கடலைப் பார்க்கவே பயந்த பெண்களுக்கு ஒரு வேலையும், பக்கத்தில் உட்கார ஒரு ஆளும் கிடைத்தது.

இனி எங்கள் கதை. இதில் எங்கள் தப்பு ஒன்றும் இருக்கிறது. சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டுத்தான் சொல்கிறோம். பேரும் ஊரும் சொல்ல மாட்டோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவில் கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் வெள்ளைத் தாளும் கிரேயானும் கொடுத்தோம். அந்த அக்காவின் மகன் பைக் விபத்தில் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், சந்தா கட்டுவார், கையெழுத்துப் போடுவார், பேச மாட்டார். அன்றைக்கு அவர் ஒரு கதவையும் அதன் முன்னால் ஒரு வட்டத்தையும் வரைந்திருந்தார். எங்களுக்கு ஒரே உற்சாகம். தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "என்னக்கா இது, சொல்லுங்க" என்றோம். "அவன் தட்டு" என்றார். அவ்வளவுதான். யாரோ அதைப் போனில் படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது வாட்ஸ்அப்பில் போய்விட்டது. அவர் மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். டீ போட்டுக் கொடுத்தார். "படம் போட்டதுல ஒண்ணும் இல்லம்மா. இன்னும் ராத்திரி அவனுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வச்சிடுறேன், அதை யாருகிட்ட சொல்றது? தாள்ல போட்டதும் கொஞ்சம் லேசா இருந்துச்சு. நீங்க தூக்கிக் காட்டினீங்க பாருங்க, அதுதான்" என்றார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து எங்களுக்கு நாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். வரைந்தவர் தானாகச் சொன்னால் கேட்போம், இது என்ன என்று கேட்க மாட்டோம். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்றும் சொல்வதில்லை. போன் எல்லாம் ஒரு பையில் போய்விடும். வரைந்த தாள் வரைந்தவருக்குச் சொந்தம், வேண்டுமானால் கிழித்து அடுப்பில் போடட்டும். உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்க்கிறேன் என்கிறவரையும் வற்புறுத்த மாட்டோம். துணி கொடுத்தால் நம்மவர்களுக்குக் கை இன்னும் சீக்கிரம் ஓடுகிறது. தாளைக் கண்டால் பரீட்சை எழுதுகிற பயம் வந்துவிடுகிறது போலிருக்கிறது.

காலையில் ஒரு தலைவி எங்களிடம், "தவணை வசூல் பண்ணவே நேரம் பத்தல, இதுல படம் வேறயா?" என்றார். நியாயமான கேள்வி. கடன்காரன் வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்குக் கிரேயான் கொடுத்துப் பயனில்லை. அங்கே குழு கூடப் போய் நிற்க வேண்டும். அடி வாங்குகிற பெண்ணுக்கு 181. பல நாளாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஊசி நூலைக் கீழே வைத்துவிட்டு அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள். 14416 எண்ணில் அரசின் டெலி மானஸ் உதவி இலவசமாகக் கிடைக்கிறது. முறையாகப் படித்த கலைச் சிகிச்சையாளர் வேறு, நாங்கள் வேறு. நாங்கள் செய்வது, பெண்கள் அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இடம் போட்டுக் கொடுப்பது.

ஆனால் எங்கள் அனுபவத்தில், தவணை தவறும் பெண் பல சமயம் காரணம் சொல்ல முடியாத பெண்ணாகத்தான் இருக்கிறார். நோட்டில் பாக்கி என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எழுத நம் நோட்டில் கட்டம் கிடையாது.

அந்த அக்கா திரும்ப வந்துவிட்டார். இன்றைக்கும் இங்கேதான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார், தேடாதீர்கள். மகன் சட்டையின் பாக்கெட்டை வெட்டி, தான் சந்தைக்குக் கொண்டுபோகும் பையின் உள்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறார். சந்தாப் பணத்தை அதில்தான் வைத்துக் கொண்டு வருகிறார். குழுவின் துணித்துண்டுப் பெட்டியும் இப்போது அவர் பொறுப்பு.

இன்றைய தீர்மானத்தில் 7-ஆவதாக ஒன்று வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு கூட்டத்தில், கணக்கு முடிந்த பிறகு அரை மணி நேரம். செலவு, குழுவுக்கு வருடத்துக்கு 150 ரூபாய். பிடித்திருந்தால் கை தூக்குங்கள், பிடிக்காவிட்டால் எழுந்து பேசுங்கள். தீர்மானம் தோற்றாலும் எங்களைக் கூப்பிடுகிற குழுவுக்கு வருவோம். பழைய துணி மட்டும் எடுத்து வையுங்கள். ஊசியும் நூலும் நாங்கள் கொண்டு வருகிறோம்.