மடல்மாவும் மோட்டார் சைக்கிளும்



ஆங்கிலத்தில் இன்று பெரிதும் வாசிக்கப்பெறும் காதற்புதினங்களுள் ஒரு வகை, மோட்டார் சைக்கிள் குழுக்களைக் களமாகக் கொண்டது. தலைவன் சட்டத்துக்கு அடங்காதவன். காவல் என்னும் பெயரால் தலைவியைத் தன் பிடிக்குள் வைத்திருப்பான். அவள் அணியும் தோற்சட்டையின் முதுகில் ‘இன்னாரின் உடைமை’ எனப் பொறித்திருக்கும். நம் கல்லூரி மாணவரின் கைப்பேசிக்கு எட்டும் தொலைவிலேயே இக்கதைகள் உள்ளன. உறவில் கேடு இருப்பதை அறிந்தும் ஒருவர் இவற்றைச் சுவைத்துப் படிக்கலாமா?

இவ்வினாவை எதிர்கொள்ளும் கருவி நம்மிடமே உண்டு. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகச் சுட்டப்பெறும், 1917இல் வெளிவந்த ‘கருணாசாகரன்’ என்னும் நூலின் மறுபெயரே ‘காதலின் மாட்சி’ என்பதாகும். எனினும் காதல் எல்லாம் மாட்சியுடையது எனத் தமிழ் மரபு கொள்ளவில்லை. ஒத்த அன்பை ஐந்திணை என்றது. ஒருதலை வேட்கையைக் கைக்கிளை என்றது. பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றது. காமம் மிகுந்து வலிமையைக் கையாளுதலையும் தொல்காப்பியர் பெருந்திணையிலேயே வைத்தார்.

மடலேறுதலை எண்ணிப் பாருங்கள். தலைவியை அடையப் பெறாதவன் பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, எருக்கமாலை சூடி, அவள் உருவம் எழுதிய படத்தை ஏந்தி, ஊர்த்தெருவில் வருவான். ஊர் அலர் தூற்றும். பெண் வீட்டார் நாணுவர். இது காதலா, மிரட்டலா? ‘மடலேறுவேன்’ எனத் தலைவன் சொல்லுவதற்கு ஐந்திணையில் இடமுண்டு. உண்மையில் ஏறிவிட்டாலோ அது பெருந்திணை. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே நம் முன்னோர் எல்லை வகுத்தனர். ஆயினும் ஏறியவனின் பாடல்களை அவர்கள் எரித்துவிடவில்லை. கலித்தொகையில் அவை இன்றும் உள்ளன. நாமும் அவற்றின் ஓசையில் மகிழ்கிறோம்.

புதினத்தில் அச்சம் இனிப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே தலைவனின் உள்ளத்தை ஆசிரியர் நமக்குத் திறந்து காட்டுகிறார். அவன் சினத்தின் அடியில் அன்பு இருப்பதை நாம் அறிவோம். முடிவு இன்பமாகும் என்பதையும் அறிவோம். வேண்டாதபோது நூலை மூடவும் நம்மால் இயலும். வாழ்வில் இம்மூன்றும் இல்லை. வாயிலில் வந்து நிற்பவனின் உள்ளத்தை எவரும் நமக்குப் படித்துக் காட்டுவதில்லை. அவன் செயல் ஒன்றே சான்று. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவு, 31 மே 2023 முதல், ஒருவரை மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து அச்சுறுத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கிறது. கதையில் விடாமுயற்சி எனத் தோன்றுவது, ஜார்ஜ்டவுன் தெருவில் நிகழ்ந்தால் வழக்காகும்.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர் கையிலுள்ள நூலைப் பறிப்பதால் பயனில்லை. பறித்த நூல் மறைவில் படிக்கப்படும், அதைப் பற்றிய பேச்சுத்தான் நின்றுபோகும். ‘இக்காட்சி எத்திணை?’ என்று கேளுங்கள். ‘அவள் மறுத்திருந்தால் அவன் என்ன செய்திருப்பான்?’ என்றும் கேளுங்கள். மாணவர்களே, ஒரு கதை உங்களை ஈர்த்தமைக்காக நாண வேண்டியதில்லை. ஈர்த்ததற்குச் சரியான பெயரிட மட்டும் தவறாதீர்கள். பெயரிடத் தெரிந்தவர்க்குப் பெருந்திணை ஓர் இலக்கியச் சுவை. பெயரறியாதவரிடம் அதுவே நாளை காதல் என்னும் பெயரோடு வந்து நிற்கும். அவரும் அதை நம்பிக் கதவைத் திறந்துவிடக்கூடும். இலக்கணம் கற்பிப்பது தேர்வுக்காக மட்டும் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?