அறியாமல் காப்பதும் அறிந்து காப்பதும்



நம் பொல்பிட்டிய மின் நிலையத்துக்கு வரும் நீரை எண்ணிப் பாருங்கள். காசல்ரீ நீரும் மவுசாகலை நீரும் லக்சபான நீர்த்தேக்கத்தில் கலந்தே இங்கு வருகின்றன. எத்துளி எந்த ஆற்றினது என்று மதகு காப்பவர் அறியார். அதற்காக அவரைக் குறை கூறுவாரில்லை. நீரில் நஞ்சு கலந்ததென அறிந்த பின்னும் மதகை மூடாதிருந்தால், பழி அவரையும் சேருமன்றோ!

இணையத்திலும் இக்கேள்வியே எழுந்துள்ளது. 2000ஆம் ஆண்டில் பிரீநெட் என்னும் பெயரில் தோன்றிய அமைப்பு, கோப்புகளைத் துண்டுகளாக்கி, மறைகுறியாக்கி, அதில் சேர்ந்தோரின் கணினிகளில் பகிர்ந்து வைக்கிறது. தம் கணினியில் உள்ளது யாதென உடையவரே அறியார். 2001இல் வந்த பிட்டொரென்ட் அத்தகையதன்று. அதில் ஒரு திரைப்படத்தை நாமே பெயரறிந்து எடுக்கிறோம். எடுக்கும்போதே, வந்த துண்டுகளை நம் கணினி பிறருக்கும் அனுப்புகிறது. “பார்க்கத்தானே எடுத்தோம்” என்போம்; ஆயினும் வழங்கியவரும் நாமே ஆகிறோம்.

பூட்டிய பெட்டியை வைத்திருப்பதே குற்றமாகாது. கடிதத்தை நாமும் உறையிலிட்டு ஒட்டித்தானே அனுப்புகிறோம்? அறிந்து செய்தாயா என்பதே பெரிய கேள்வி. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் தகவலை ஏந்தும் இடைநிலையாளருக்கு நிபந்தனையோடு காப்பளிக்கிறது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவித்தலோ கிடைத்த பின்னும் நீக்காதவர் அக்காப்பை இழப்பார் என, 2015 மார்ச் 24இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் விளக்கியது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறுவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது.

நிற்க. நம் லயங்களில் ஓர் இணைப்பைப் பல வீட்டார் பங்கிடுவதுண்டு. விசாரணை வந்தால், முதலில் தேடப்படுபவர் இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரே. மகன் எடுத்த படத்துக்கு, கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய் பதில் சொல்ல நேரலாம். அவர் குற்றமற்றவர் எனப் பின்னர் தெளிவாகலாம். அதுவரை பட்ட அலைச்சலை யார் திருப்பித் தருவார்?

ஆகவே வாலிபர்களே, விளங்காத அமைப்பில் வீட்டுக் கணினியைச் சேர்க்காதிருப்போம். சேர்க்குமுன் வீட்டாரிடம் சொல்வோம். தீங்கானது உள்ளதென அறிந்தால் அக்கணமே நிறுத்துவோம். பெரியோர்களே, பிள்ளைகளை அதட்டாமல் கேளுங்கள். அஞ்சிய பிள்ளை ஒளிக்கும். “அறியேன்” என்பது உண்மையாயின் துணை நிற்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னால் நில்லாது.